மலையடிவாரச் சபைக்குக் குடும்பத்தோடு வர நினைக்கும் ஊழியர்களுக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலை அடிவாரத்தில், ஒடுகத்தூர்ப் பக்கம் இருக்கிற சின்னக் கிறிஸ்தவச் சபை எங்களுடையது. நாகர்கோவில், திருநெல்வேலி, சென்னை என்று பல இடங்களிலிருந்து ஊழியக் குடும்பங்கள் வந்து தங்கிப் போயிருக்கின்றன. வருவதற்கு முன் அவர்கள் போனில் கேட்டதையும், வந்த பிறகு கேட்டிருக்க வேண்டியதையும் சேர்த்து எழுதிவைக்கச் சொன்னது சபைக் கமிட்டி. நான் அங்கன்வாடியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ரிஜிஸ்டர் எழுதிப் பழகிய கை என்று சொல்லி இந்த வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள். கமிட்டியின் கருத்தோடு என் கருத்தும் ஆங்காங்கே கலந்திருக்கும்.

உங்கள் ஊருக்கு எப்படி வருவது?

ரயிலில் வந்தால் காட்பாடி. வேலூரிலிருந்து அணைக்கட்டு வழியாக ஒடுகத்தூருக்கு பஸ் இருக்கிறது. அப்புறம் ஷேர் ஆட்டோ. சபையில் ஒரு பகுதிக் குடும்பங்கள் மலைமேல் குக்கிராமங்களில் இருக்கின்றன. அங்கே போக ஜீப் கிடைத்தால் ஜீப், இல்லாவிட்டால் நடைதான்.

பழைய வட ஆற்காடு மாவட்டம் 1989இல் இரண்டானது. மிச்சமிருந்த வேலூர் 2019இல் மூன்றானது. ஜவ்வாது மலை இப்போது வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று மூன்று மாவட்டங்களில் கிடக்கிறது. அண்ணன் வீடு ஒரு மாவட்டம், தம்பி கொல்லை இன்னொரு மாவட்டம் என்பதெல்லாம் இங்கே சகஜம். யாருக்காவது மனு எழுதிக் கொடுக்க உட்காரும்போது இதை முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

சபையைத் தொடங்கியது யார்?

அமெரிக்கச் சீர்திருத்தச் சபையின் ஆற்காடு மிஷன் 1853இல் தொடங்கியது. ஸ்கடர் குடும்பத்துச் சகோதரர்கள்தான் அதற்கு முன்னின்றவர்கள். அதே குடும்பத்தில் 1870இல் ராணிப்பேட்டையில் பிறந்தவர் டாக்டர் ஐடா ஸ்கடர். 1900இல் ஒற்றைப் படுக்கையோடு அவர் வேலூரில் ஆரம்பித்ததுதான் இன்றைய சி.எம்.சி. ஆஸ்பத்திரி. மாட்டு வண்டியிலும் பிறகு காரிலும் வந்து, சாலையோர மரத்தடியில் அவர் வைத்தியம் பார்த்த கதையை எங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருக்கிறோம்.

ஆனால் கிராமத்துச் சபைகளைக் கட்டிக் காத்தவர்கள் பெரும்பாலும் உபதேசியார்கள். வாரநாளில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுப்பார், ஞாயிற்றுக்கிழமை ஜெபம் நடத்துவார், சாவு வீட்டில் முதல் ஆளாக நிற்பார். வெள்ளைக்கார மிஷனரி எப்போதாவது குதிரையில் வந்து போவார். எங்கள் சபையும் ஒரு உபதேசியார் வீட்டுத் திண்ணையில் ஆரம்பித்ததுதான் என்று பெரியவர்கள் சொல்வார்கள். 1947இல் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. வேலூர்ப் பேராயம் 1976இல் தனியாக வந்தது.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சிலர் "சபை நாட்டப் போகிறோம்" என்று ஜெபக் கார்டு அடித்துக்கொண்டு வருகிறார்கள். எங்கள் கல்லறைத் தோட்டத்தில் இடம் பற்றாமல் வேலியைத் தள்ளிப் போட்டிருக்கிறோம். அந்தக் கார்டை யாரிடம் காட்டுவீர்கள்?

வந்ததும் நாங்கள் செய்ய வேண்டிய ஊழியம் என்ன?

முதல் வருஷம் ஒன்றும் இல்லை.

இந்தப் பதிலைக் கேட்டதும் போனில் ஒரு மௌனம் வரும். அனுப்பிய சங்கத்துக்கு மாதாமாதம் அறிக்கை எழுத வேண்டுமே என்ற கவலை எங்களுக்கும் புரிகிறது. எழுதுங்கள். இந்த மாதம் கேழ்வரகுக் களி கிண்டக் கற்றுக்கொண்டேன், மலைமேல் எந்த வீட்டில் யார் படுத்த படுக்கையாக இருக்கிறார் என்று தெரிந்துகொண்டேன், இரண்டு சாவுக்கும் ஒரு காதுகுத்துக்கும் போனேன் என்று எழுதுங்கள். பிரசங்கம் பண்ண ஐயர், அதாவது எங்கள் போதகர், இருக்கிறார். அவர் பல ஊர்களைச் சுற்றி வருபவர் என்பதால், அவர் வராத ஞாயிறுகளில் எங்கள் மூப்பர்களே ஜெபம் நடத்துகிறார்கள். உங்களை அழைத்தால் பேசுங்கள். அழைக்க நாளாகும்.

வீடு சந்திக்கப் போகிறவர்கள் நேரம் பார்த்துப் போக வேண்டும். காலை எட்டு மணிக்கு மேல் நூறு நாள் வேலைக்கும் கழனிக்கும் கிளம்பிவிடுவார்கள். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளில், தவணைப் பணத்துக்கு அலைந்துகொண்டிருக்கிற பெண்ணை உட்கார வைத்து ஜெபம் பண்ணாதீர்கள். விளக்கு வைத்த பிறகு, அடுப்பு வேலை முடிந்து வாசலில் உட்காரும் நேரம்தான் பேச்சுக்கு உகந்த நேரம்.

இன்னொன்று. ஆண்கள் இல்லாத வீட்டில், வீட்டுக்காரர் எங்கே போயிருக்கிறார் என்று துருவிக் கேட்காதீர்கள். காபித் தோட்ட வேலைக்குக் கர்நாடகம், கேரளம் போயிருப்பார். திருப்பூரில் இருப்பார். சிலர் செம்மரம் வெட்டப் புரோக்கர்கள் அழைத்து ஆந்திரா போனவர்கள். 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டபோது, அதில் இந்த மலைக்காரர்களும் இருந்தார்கள். அதற்கப்புறம் அந்தக் கேள்வி எங்கள் பக்கம் சாதாரணக் கேள்வி இல்லை. அவர்களாகச் சொல்லும்போது கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தத் தெருவில் வீடு பார்ப்பது?

சபை இருக்கிற தெருவில். வட ஆற்காட்டுக் கிராமச் சபைகள் பெரும்பாலும் காலனியில்தான் இருக்கின்றன, எங்களுடையதும் அப்படியே. ஊர்த்தெருவில் மாடி வீடு, மோட்டார், கார் நிறுத்த இடம் எல்லாம் வாடகைக்குக் கிடைக்கும். குழந்தைகளுக்கு வசதி என்று அங்கே குடிபோன குடும்பம் ஒன்று உண்டு. நல்ல மனுஷர்கள்தான். ஆனால் எங்கள் ஆட்கள் அவர்களைப் பார்க்கப் போனால் கேட்டுக்கு வெளியே நின்றே பேசிவிட்டு வருவார்கள். அந்த வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டியதில்லை. திண்ணையில் அவர் உட்கார்ந்திருந்தாலே போதும். அந்தக் குடும்பம் இருந்தவரை அவர்கள் வீட்டுக்குள் தண்ணீர் குடித்தவர்கள் எங்கள் சபையில் ரொம்பச் சிலர்.

காலனியில் வீடு சின்னதாக இருக்கும். சிமெண்ட் ஷீட் போட்டிருந்தால் சித்திரையில் வேகும். வேலூர் வெயில் 40 டிகிரி தாண்டுவது வருஷா வருஷம் நடப்பது. ஷீட்டின் மேல் தென்னை ஓலை போட்டுத் தருவோம்.

நிலம் வாங்க நினைக்காதீர்கள். மலைமேல் பட்டா, வன நிலம், வன உரிமைச் சட்டம் என்று ஆயிரம் சிக்கல். ஜெப வீடு கட்டுவதானால் கலெக்டர் அனுமதி முன்கூட்டியே வேண்டும் என்பது கட்டட விதி. உற்சாகத்தில் யாரோ தொடங்கி, அஸ்திவாரத்தோடு நிற்கும் கட்டடங்களை வழியில் பார்ப்பீர்கள்.

சாதி பற்றி யாரும் கேட்பார்களா?

முதல் வாரமே. "நீங்க எந்த ஆளுங்க?" என்று நேராகக் கேட்பார்கள். "கிறிஸ்தவங்க" என்று சொன்னால், "அது தெரியுது, அதுக்கு முன்னாடி?" என்பார்கள். சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றலாம். ஒரு தடவைதான் முடியும். என் யோசனை, உள்ளதைச் சொல்லிவிட்டு, அடுத்த நாள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறீர்கள் என்பதில் மிச்சத்தைச் சொல்லுங்கள். ஊர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். கிறிஸ்தவர்களுக்குள் இதெல்லாம் கிடையாது என்று பிரசங்கத்தில் சொல்லாதீர்கள். கல்லறைத் தோட்டம் இரண்டாகப் பிரிந்த சபைகள் இதே தமிழ்நாட்டில் இருக்கின்றன. எங்கள் ஆட்களுக்கும் அது தெரியும்.

சர்டிபிகேட் விஷயத்தை மட்டும் தொடவே தொடாதீர்கள். 1950ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின்படி, பட்டியல் சாதியில் பிறந்தவர் கிறிஸ்தவராக மாறினால் அந்தச் சலுகை போய்விடும். தமிழ்நாட்டில் அவர்களைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். மலைமேல் இருக்கிற மலையாளி இனத்தவர் (கேரளத்துக்காரர்கள் இல்லை) பழங்குடிப் பட்டியலில் வருகிறவர்கள். மதம் மாறினாலும் அது போகாது. ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே பாட்டுப் பாடும் இரண்டு பேருக்கு, அவர்கள் பிள்ளையின் காலேஜ் ஸீட்டும் ஸ்காலர்ஷிப்பும் வேறு வேறு கணக்கு. யார் பெயர் எந்த ரிஜிஸ்டரில் எப்படி இருக்கிறது என்று ஆராய்ச்சி பண்ண வேண்டாம். அது அந்த வீட்டுக்கும் ஐயருக்கும் கர்த்தருக்கும் தெரிந்த சமாசாரம்.

ஆட்களை எப்படிக் கூப்பிடுவது? எங்களை எப்படிக் கூப்பிடுவார்கள்?

உங்களை முதலில் "ஐயா", "அம்மா" என்பார்கள். அதிலேயே நின்றுவிட்டால் வருஷக்கணக்கில் அப்படியே இருக்கும். முறை வையுங்கள். பக்கத்து வீட்டுக் கிழவியை "ஆயா" என்றும், உங்களைவிடப் பெரியவரை "அண்ணா", "பெரியப்பா" என்றும் கூப்பிட ஆரம்பித்தால், அவர்களும் உங்கள் மனைவியை "அண்ணி" என்பார்கள். அண்ணி ஆனபின் கேலி வரும், அதட்டல் வரும், சண்டையும் வரும். எல்லாம் நல்லதற்குத்தான்.

இது புதிய யோசனை இல்லை. 1921இல் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தை ஏற்படுத்திய டாக்டர் சவரிராயன் ஏசுதாசனும், ஸ்காட்லாந்துக்காரரான டாக்டர் பேட்டனும் கதர் உடுத்தி இங்கேயே வாழ்ந்தவர்கள். அவர்களை ஊரார் பெரியண்ணன், சின்னண்ணன் என்றுதான் அழைத்தார்கள். ஆசிரமத்தின் ஜெபாலயம் நம் ஊர்க் கோயில் அமைப்பில் கட்டியது. எங்கள் பக்கம் வந்தால் ஒருநாள் ஒதுக்கிப் போய்ப் பாருங்கள்.

மலைமேல் போகும்போது மட்டும் முதலில் ஊர்த் தலைவரான ஊர்க்கவுண்டரைப் பார்த்துவிட வேண்டும். வெற்றிலை பாக்கோடு போங்கள். யார் வீட்டுக்கு வந்தோம், எப்போது இறங்குவோம் என்று சொல்லிவிட்டால் போதும். சொல்லாமல் போய் வீடு வீடாக நுழைந்தால், உங்களுக்கு ஒன்றும் ஆகாது. உங்களை அழைத்த வீட்டுக்காரரை அடுத்த பஞ்சாயத்தில் நிற்க வைப்பார்கள்.

சாப்பாடு ஒத்துக்கொள்ளுமா?

குமரிக்காரர்கள் மீனும் மரவள்ளியும் இல்லாமல் முதல் மாதம் வாடிப்போவார்கள். இங்கே களி, கீரைக் கடைசல், கருவாட்டுக் குழம்பு, கொள்ளு, மொச்சை. கத்தரிக்காய் மட்டும் எங்கள் ஊர்க் கத்தரிக்காய் மாதிரி எங்கும் கிடையாது. அணைக்கட்டுப் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடே கொடுத்துவிட்டார்கள். மலைமேல் சாமைச் சோறு. ஆனி, ஆடியில் போனால் பலாப்பழம் சாப்பிடாமல் எந்த வீட்டிலிருந்தும் எழ முடியாது. களியை மெல்லாதீர்கள். பிட்டு, குழம்பில் புரட்டி, விழுங்க வேண்டும். மென்றால் பல்லில் ஒட்டிக்கொண்டு நீங்கள் படும் பாட்டைப் பார்க்கப் பிள்ளைகள் கூடிவிடும்.

ஒத்துக்கொள்ளுமா என்பதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அந்தத் தங்கை சாமர்த்தியக்காரி. மாதச் சாமான் மொத்தமாக வேலூரில் வாங்கி வைத்துக்கொள்வாள். கேஸ், மிக்ஸி, இன்வர்ட்டர், கேன் தண்ணீர் எல்லாம் இருந்தது. வந்தவர்களுக்கெல்லாம் டீ போட்டுக் கொடுப்பாள். யார் எது கொண்டுவந்தாலும் "ஐயோ, உங்களுக்கே பத்தாதே, வேண்டாம்" என்பாள். நல்ல மனசில்தான் சொன்னாள். கொஞ்ச நாளில் அந்த வீட்டுக்கு யாரும் போவதை விட்டுவிட்டார்கள். என்ன ஏது என்று அவளுக்கும் புரியவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு வாரம் கேஸ் வண்டி வரவில்லை. இருந்த சிலிண்டரும் தீர்ந்தது. கழுவிய அரிசியைச் சட்டியோடு எடுத்துக்கொண்டு, தலையில் முக்காடு போட்டு எதிர்வீட்டு வாசலில் வந்து நின்றாள். "அக்கா, உங்க அடுப்புல வச்சுக்கட்டுமா?" எதிர்வீட்டம்மா ஒன்றும் பேசவில்லை. அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த தன் குழம்புச் சட்டியைப் புடவைத் தலைப்பால் பிடித்துக் கொடி அடுப்புக்கு நகர்த்தினாள். ஈர விறகை வெளியே இழுத்து, பரண்மேல் காயவைத்திருந்த இரண்டு கட்டையை எடுத்துச் செருகி ஊதினாள். அரிசிச் சட்டியை வாங்கி ஏற்றிய பிறகுதான், "உக்காரு, இன்னாத்துக்கு நின்னுகினு கீற?" என்றாள். அம்மா போய் "கீற" ஆனது அன்றைக்குத்தான். சாயங்காலத்துக்குள் தெரு முழுக்கச் செய்தி. மறுநாள் காலை அந்த வீட்டு வாசலில் ஒரு கட்டு முருங்கைக்கீரையும் ஒரு படி மொச்சையும் இருந்தன.

ஆகவே, கொடுப்பதை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்களுக்கே பற்றாது என்று உங்களுக்குத் தெரிந்தாலும் வாங்குங்கள். அவர்களுக்கும் அது தெரிந்துதான் கொண்டுவந்திருக்கிறார்கள். பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தராதீர்கள். ஒரு பிடி உப்போ இரண்டு கறிவேப்பிலைக் கொத்தோ போட்டுக் கொடுங்கள். அதே நாளில் அதைவிடப் பெரிதாக எதையும் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. அது கணக்குத் தீர்க்கிற மாதிரி ஆகிவிடும்.

என்னென்ன கொண்டுவர வேண்டும்?

டார்ச், கொசுவலை, பூட்ஸ், நல்ல குடை. குழந்தைகளின் தடுப்பூசி அட்டை. உங்கள் ஊர் ஊறுகாய் ஒரு பாட்டில் கூடுதலாக; கமிட்டித் தலைவருக்கு ரொம்பப் பிடிக்கும்.

பாம்பு, காய்ச்சல், ஆஸ்பத்திரி?

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, ஆனால் இதை இரண்டு தடவை படியுங்கள்.

நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் நான்கும் இங்கே உண்டு. எனக்குப் பயம் கட்டுவிரியன்தான். ராத்திரியில், தரையில் படுத்திருப்பவர்களைக் கடிக்கும், கடித்ததே தெரியாது. விடியற்காலையில் வயிற்றுவலி, இமை தொங்குவது, பேச்சுக் குழறுவது என்று வரும். வயிற்றுவலிக்கு ஓமத் தண்ணீர் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஆள் போய்விடும். அதனால் கட்டிலில் படுங்கள், கொசுவலையைப் பாய்க்கு அடியில் செருகுங்கள், இருட்டில் டார்ச் இல்லாமல் காலைக் கீழே வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கயிறு கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல், உடனே ஆஸ்பத்திரிக்கு. அரசு ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை.

சமவெளியில் 108 வந்துவிடும். மலைமேல்தான் பிரச்சினை. 2023 மே மாதம் அல்லேரி மலையில் ஒரு குழந்தையைப் பாம்பு கடித்தது. சாலை இல்லாமல் ஆஸ்பத்திரி போய்ச் சேரத் தாமதமாகி, குழந்தை இறந்தது. பிரேதப் பரிசோதனை முடிந்து ஆம்புலன்ஸ் பாதி வழியில் நின்றுவிட, அம்மா அந்த உடலைக் கையில் ஏந்திக்கொண்டு மலையேறினாள். பேப்பரில் எல்லோரும் படித்திருப்பீர்கள். மலைமேல் தங்குவதானால், எந்த ஊரில் யாரிடம் பைக் இருக்கிறது, யார் ராத்திரியில் ஓட்டுவார் என்பதைப் போன முதல் நாளே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

உண்ணிக் காய்ச்சலும் வேலூர்ப் பக்கம் அதிகம். மழைக்காலம் முடிந்து குளிர் தொடங்கும்போது வரும். காய்ச்சல் விடாமல் அடிக்கும், தலை பிளக்கும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு என்று மறைவான இடத்தில் சிகரெட்டால் சுட்டது போல வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டாக்டரிடம் அதைக் காட்டுங்கள், கூச்சப்பட்டு மறைக்காதீர்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் சாதாரண மாத்திரையில் சரியாகிவிடும். விட்டுவிட்டால் ஐ.சி.யூ.

"ஜெபம் பண்ணினோம், காய்ச்சல் விட்டது" என்று சாட்சி சொல்லுங்கள், தப்பில்லை. மாத்திரை சாப்பிட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேட்டுக்கொண்டிருக்கிற தாய்மார் வீட்டில் போய் எதைச் செய்வார்கள் என்பதை நான் அங்கன்வாடியில் நிறையப் பார்த்துவிட்டேன்.

பிள்ளைகளின் படிப்பு?

ஊர்ப் பள்ளியில் சேர்த்துவிடுங்கள். காலை உணவு, மதிய உணவு இரண்டும் உண்டு. உங்கள் பிள்ளை எங்கள் பிள்ளைகளோடு ஒரே வரிசையில் தட்டு ஏந்தி உட்கார்ந்தால், ஊருக்குள் உங்களை அறிமுகம் செய்துவைக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும். மலைமேல் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பெரிய வகுப்பு வரும்போது வேலூரில் ஹாஸ்டல் பார்ப்பதா, ஊருக்கே திரும்புவதா என்ற கேள்வி வரும். பல குடும்பங்கள் அந்தக் கட்டத்தில்தான் கிளம்பின. நாங்கள் யாரையும் குறை சொன்னதில்லை.

ஊர்த் திருவிழாவுக்குப் போகலாமா?

சபைக்குள்ளேயே இரண்டு கருத்து உண்டு. படையல் வைத்ததைச் சாப்பிடமாட்டோம் என்பவர்கள் இருக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பொங்கலை மறுக்கமாட்டோம் என்பவர்களும் இருக்கிறார்கள். நீங்கள் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஊர் வரியில் தெருவிளக்கு, தண்ணீர், மேளம் எல்லாம் கலந்திருக்கும். எங்கள் ஆட்கள் பொதுக் காரியத்துக்கு என்று சொல்லி ஒரு தொகை கொடுத்துவிடுவார்கள், ஊராரும் அதை அப்படியே ஏற்றுக்கொள்வார்கள். பேசிப் பேசி வந்த ஏற்பாடு அது. புதிதாக வந்தவர் ஒரு நோட்டீஸ் அடித்தால் கெட்டுப்போகும்.

தெருக்கூத்துக்குக் கண்டிப்பாகப் போங்கள். கோடையில் பாரதக் கூத்து விடிய விடிய நடக்கும். கதை கேட்கிற ஜனம் எப்படிக் கேட்கிறது, எங்கே சிரிக்கிறது, எந்த இடத்தில் தூங்கிப்போகிறது என்று பிரசங்கியார் ஒருவர் கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பள்ளிக்கூடம் இல்லை. தை மாதம் எருது விடும் விழாவுக்கும் போகலாம். தடுப்புக்குப் பின்னால் நில்லுங்கள். வீரம் காட்ட வேண்டாம்.

படம் எடுத்து ஜெப உதவியாளர்களுக்கு அனுப்பலாமா?

ஒருமுறை ஒரு குழு வந்து போனது. சில மாதம் கழித்து அவர்கள் பத்திரிகை எங்கள் கைக்கு வந்தது. அட்டையில் ஒரு பையன், சட்டை இல்லாமல், உடம்பெல்லாம் சேறு. பசியில் வாடும் மலைக்குழந்தை என்று கீழே போட்டிருந்தார்கள். அவன் ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். கூப்பிட்டு நிற்க வைத்திருக்கிறார்கள். நான்தான் மாதாமாதம் அவனுக்கு எடை போட்டவள், நல்ல எடை. அவன் அப்பா அந்தப் பத்திரிகையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அப்புறம் ரொம்ப நாள் ஆராதனைக்கு வரவில்லை.

எனவே, கேட்டுவிட்டு எடுங்கள். என்ன எழுதப் போகிறீர்கள் என்பதை வாசித்துக் காட்டுங்கள். ஞானஸ்நானப் படம் வேண்டவே வேண்டாம்.

பண உதவி செய்யலாமா?

தனியாள் கையில் கொடுக்காதீர்கள், கடனும் கொடுக்காதீர்கள். கமிட்டி வழியாகச் செய்யுங்கள். ஆஸ்பத்திரி அவசரம் என்றால் விதிவிலக்கு. வெளிநாட்டுப் பணம் என்றால் அதற்கென்று பதிவு பெற்ற அமைப்பின் கணக்கில்தான் வர முடியும். எங்கள் யாருடைய பாஸ்புக் நம்பரையும் கேட்காதீர்கள்.

அறுப்பின் பண்டிகையில் எவ்வளவு ஏலம் கேட்பது?

இதை யாரும் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

அன்றைக்குச் சேவல், பூசணிக்காய், வாழைத்தார், முதல் முட்டை, மலையிலிருந்து வரும் தேன், சாமை எல்லாம் ஆலயத்தின் முன்னால் குவிந்துவிடும். ஆராதனை முடிந்து ஏலம். வெளியிலிருந்து பார்த்தால் வியாபாரம் போல இருக்கும். ஒரு பூசணிக்காயை இருபது ரூபாய்க்கு ஒருவர் எடுப்பார், எடுத்த கையோடு திரும்பவும் காணிக்கையாகக் கொடுப்பார். அடுத்தவர் முப்பதுக்கு எடுப்பார், அவரும் திரும்பக் கொடுப்பார். ஒரே பூசணிக்காய் ஆறேழு கை மாறும். மாமன் எடுத்தால் மச்சான் விடமாட்டார். கூலிக்குப் போகிற விதவைகூட ஒரு தடவை எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காருவாள். சிரிப்பும் கூச்சலுமாக இருக்கும்.

புதிதாக வந்திருந்த ஊழியர் ஒருவர், இன்ஜினியர் வேலையை விட்டு வந்தவர், ஏலம் ஆரம்பித்ததும் பூசணிக்காய்க்கு ஆயிரம் ரூபாய் என்றார். சபைக்கு நல்ல வருமானம் வரட்டும் என்றுதான். சத்தம் நின்றுவிட்டது. ஆயிரத்துக்கு மேல் யார் கேட்பது? எங்கள் மூப்பர் ஒருவர்தான் சமாளித்தார். "ஐயாவுக்குப் பூசணிக்கா சாம்பார்னா உசுரு போல கீது. அது அவரோடதாவே இருக்கட்டும். வேற பூசணிக்கா இட்டா!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், ஏலம் மறுபடி பத்து ரூபாயிலிருந்து தொடங்கியது. அவருக்கு அன்றைக்கு மத்தியானமே விஷயம் புரிந்துவிட்டது. அடுத்த வருஷம் சேவலுக்குக் கடைசி வரை போட்டி போட்டு, எங்கள் வீட்டுக்காரரிடம் பத்து ரூபாயில் தோற்றார்.

வெளிநாட்டு நண்பர்களை அழைத்து வரலாமா?

பார்க்க வரலாம். ஊழியம் செய்ய டூரிஸ்ட் விசா செல்லாது. அதற்கு மிஷனரி விசா என்று தனியாக இருக்கிறது. யார் வீட்டில் தங்கினாலும் வெளிநாட்டவர் தங்கும் விவரத்தை 24 மணி நேரத்துக்குள் அரசிடம் பதிய வேண்டும். அதைச் செய்யாமல் விட்டால் விசாரணைக்கு அலையப்போவது வீடு கொடுத்தவர்.

நாங்கள் வந்து ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யலாமா?

அப்படித்தான் செய்ய வேண்டும். கணவர் மட்டும் வந்து பார்த்துவிட்டு மனைவிக்குப் போனில் விவரிக்கிற கதை வேண்டாம். இரண்டு பேரும் வாருங்கள், பிள்ளைகளோடு. தை, மாசி நல்ல பருவம். ஐப்பசி, கார்த்திகையில் மலைப்பாதை வழுக்கும். சித்திரை, வைகாசியில் வெயில் உங்களைத் துரத்திவிடும். சனிக்கிழமை பொழுதோடு ஒடுகத்தூர் வந்து சேர்ந்துவிடுங்கள், ஆள் அனுப்புகிறோம். ஞாயிறு ஆராதனைக்குக் காலை பத்து மணி என்று போர்டில் இருக்கும். மேலேயிருந்து நடந்து வருகிறவர்கள் வந்து, கால் கழுவி, தண்ணீர் குடித்த பிறகுதான் மணி அடிப்போம். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில். களி வேண்டுமா சோறு வேண்டுமா என்று மட்டும் முந்தின நாள் போனில் சொல்லிவிடுங்கள்.